மூலையில் ஒரு மில்லிமீட்டர்

பொம்மை வீட்டின் சட்டங்கள் பொருந்தவில்லையா? ஹைதராபாதின் பழைய மாளிகையிலும் கொண்டபல்லி பொம்மைக்காரரின் பட்டறையிலும் விடை இருக்கிறது.

பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தில் வீடு அழகாக இருக்கிறது. உள்ளே எண் போட்ட பலகைகள், எதை எதன் பிறகு ஒட்டுவது என்று காட்டும் தாள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய மெல்லிய மரச் சட்டங்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை தரையும் சுவரும் எழும்புகின்றன. இரண்டாவது ஞாயிறு மாடியும் கூரையும். மூன்றாவது ஞாயிறு, ஜன்னலைச் சுற்றியும் சுவரின் அடியிலும் கூரை விளிம்பிலும் சட்டங்களை ஒட்ட உட்காரும்போதுதான் வேலை நிற்கிறது. ஒரு சட்டம் நீளம், இன்னொன்று குட்டை. இரண்டும் சேரும் மூலையில் கறுப்பாக ஒரு பிளவு. அழுத்திப் பிடித்தால் இந்தப் பக்கம் மூடுகிறது, அந்தப் பக்கம் திறக்கிறது. வீடு அலமாரியின் மேல் ஏறுகிறது. மகள் இரண்டு முறை கேட்கிறாள். மூன்றாம் முறை கேட்பதில்லை.

பாதியில் கைவிடப்படும் பொம்மை வீடுகள் பல இந்தக் கட்டத்தில்தான் நிற்கின்றன. தச்சர்கள் பீடிங் என்று சொல்லும் இந்த ஓரச் சட்டங்கள் வீட்டைத் தாங்குவதில்லை. அவை இல்லாவிட்டாலும் வீடு நிற்கும். ஆனால் கண் போய் உட்காருவது அங்கேதான். சுவரும் தரையும் சேரும் கோடு, கதவுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள விளிம்பு, கூரையின் ஓரம் இவற்றைப் பார்த்துத்தான் ஒரு வீடு ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்று மனம் முடிவு செய்கிறது.

சின்ன வீட்டில் இந்த முடிவு இன்னும் கடுமையாக இருக்கும். பெரும்பாலான பொம்மை வீடுகள் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், அதாவது நிஜத்தில் 12இல் ஒரு பங்காகச் செய்யப்படுகின்றன. ஏழடிக் கதவு ஏழு அங்குலமாகிவிடும். அதே கணக்கில் மூலையில் விழும் 1 மில்லிமீட்டர் இடைவெளி, நிஜ வீட்டில் 12 மில்லிமீட்டர் இடைவெளிக்குச் சமம். கிட்டத்தட்ட அரை அங்குலம். நிஜ வீட்டில் கதவு நிலையைச் சுற்றி அரை அங்குலம் இளித்துக்கொண்டிருந்தால் யாரும் பணத்தைக் கொடுக்கமாட்டார்கள்.

கோட்டியில் ஒரு பொம்மை மாளிகை

ஹைதராபாதுக்கும் அளவு குறைத்த வீடுகளுக்கும் 200 ஆண்டுப் பழக்கம் உண்டு. மூசி ஆற்றின் வடகரையில், இன்று பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர்போன கோட்டியில், பிரிட்டிஷ் ரெசிடென்சி மாளிகை இருக்கிறது. நிஜாம் அரசவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் அகிலிஸ் கிர்க்பாட்ரிக் 1803 வாக்கில் இதைக் கட்டத் தொடங்கினார். வரைந்தவர் மதராஸ் என்ஜினியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த லெஃப்டினன்ட் சாமுவேல் ரஸல். முகப்பில் ஆறு கொரிந்தியத் தூண்கள், மேலே முக்கோண முகடு, அகன்ற படிக்கட்டு, காவலுக்கு இரண்டு சிங்கங்கள். கிரேக்க, ரோமானியக் கட்டடங்களை நினைவூட்டும் இந்த மாளிகையில் 1949 முதல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்லூரி நடந்தது. இன்று அது மகளிர் பல்கலைக்கழக வளாகம்.

இந்த மாளிகைக்கு நிலம் கிடைத்ததைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கிர்க்பாட்ரிக் ஒரு பெரிய தாளில் விரிவாக வரைபடம் போட்டு நிஜாமிடம் நீட்டினாராம். நிஜாம் மறுத்துவிட்டார். தன் ராஜ்ஜியத்தின் வரைபடமே கிட்டத்தட்ட இந்த அளவுதானே, இவ்வளவு நிலத்தையா கேட்கிறார்கள் என்று பயந்துவிட்டாராம். விஷயம் தெரிந்ததும் கிர்க்பாட்ரிக் அதே வரைபடத்தை விசிட்டிங் கார்டு அளவுக்குச் சுருக்கிக் கொண்டுபோனார். நிஜாம் உடனே சம்மதித்தார். இடம் அதே இடம்தான். அளவு குறைந்ததும் கண்ணுக்கு வேறாகத் தெரிந்தது.

கிர்க்பாட்ரிக்கின் மனைவி கைருன்னிஸா, ஹைதராபாதின் உயர்குடி முஸ்லிம் பெண். பர்தாவில் இருந்தவர். மாளிகைக்குப் பின்னால் அவருக்கென்று ரங்க மஹால் என்ற அந்தப்புரம் எழுந்தது. முன்பக்கம் ஆண்கள் நடமாடும் இடம், அவர் அங்கே வர முடியாது. அதனால் கணவர் கட்டிய மாளிகையின் முகப்பு எப்படி இருக்கும் என்று மனைவி பார்ப்பதற்காக, அந்தப்புரத் தோட்டத்தில் மாளிகையின் சிறிய உருவம் ஒன்று சுதையில் செய்து வைக்கப்பட்டது என்பது ஊரில் வழங்கும் கதை. கதை எப்படியோ, அந்தப் பொம்மை மாளிகை நிஜம். 2002இல் வெளியான ‘ஒயிட் முகல்ஸ்’ நூலில் வில்லியம் டால்ரிம்பிள் கிர்க்பாட்ரிக் - கைருன்னிஸா வாழ்க்கையை எழுதியபோது உலகம் முழுவதும் அதைத் தெரிந்துகொண்டது. அவர் பார்த்தபோது அதன் ஒரு பக்கம் நொறுங்கிக் கிடந்தது. 1860 வாக்கில் ரங்க மஹால் இடிக்கப்பட்ட பிறகும் தோட்டத்துப் பொம்மை தப்பிப் பிழைத்திருந்தது.

பொம்மை வீட்டுக்காரர்கள் இங்கே கவனிக்க வேண்டியது காதல் கதையை மட்டுமல்ல, சுண்ணாம்பையும்தான். அந்தக் காலத்துக் கட்டடங்களில் கூரையை ஒட்டி ஓடும் கார்னிஸ் வேறெங்கோ செய்து கொண்டுவந்து ஒட்டப்பட்டதில்லை. கொத்தனார் சுவரிலேயே சாந்தை அப்பினார். கார்னிஸின் வளைவும் நெளிவும் எப்படி வேண்டுமோ அந்த வடிவில் விளிம்பு வெட்டிய தகட்டை அதன் மேல் ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போனார். அடுத்த பூச்சு, மறுபடி இழுப்பு. சுவர் கொஞ்சம் கோணலாக இருந்தால் கார்னிஸும் அதோடு சேர்ந்து கோணியது. நடுவில் இடைவெளி விழ வழியே இல்லை. கடைசியாகச் சன்னமான சுண்ணாம்பைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினால் பளிங்கு மாதிரி ஆகும். இந்தப் பூச்சுக்கு ‘மதராஸ் சுண்ணாம்பு’ என்று ஐரோப்பியர்களிடம் பெரிய பெயர் இருந்தது.

ஆகப் பழைய கொத்தனாரின் சட்டம் சுவரில் பிறந்தது. பெட்டியில் வரும் சட்டம் தொழிற்சாலையில், கணினித் திரையில் இருக்கும் குறையில்லாத ஒரு வீட்டுக்காகப் பிறந்தது. மேஜை மேல் நிற்பதோ கையால் ஒட்டிய, கொஞ்சம் சாய்ந்த வீடு. வரைபடத்து வீட்டுக்கு வெட்டிய சட்டத்தை இந்த வீட்டுக்கு மாற்றி வெட்டுவதுதான் செய்ய வேண்டிய வேலை. இதைப் புரிந்துகொண்டால் பாதி எரிச்சல் போய்விடும்.

தப்பு எங்கே தொடங்குகிறது?

சட்டம் பொருந்தாததற்குச் சட்டத்தைத் திட்டுவது வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி அதற்கு முன்பே தப்பித்துப் போயிருப்பார்.

முதல் சந்தேகம் மூலைகள் மேல். சுவர்களை ஒட்டும்போது செங்கோணம் கொஞ்சம் பிசகினால் அந்தப் பிசகு சட்டம் வரும்வரை ஒளிந்திருக்கும். கொத்தனார்கள் கயிறு கட்டி மூலைமட்டம் பார்க்கும் 3, 4, 5 கணக்கு இங்கேயும் உதவும். மூலையிலிருந்து ஒரு சுவரில் 15 சென்டிமீட்டர், மறு சுவரில் 20 சென்டிமீட்டர் குறித்தால், இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் சரியாக 25 இருக்க வேண்டும். அறை முழுவதையும் பார்க்க, எதிரெதிர் மூலைகளைக் குறுக்காக அளந்தால் போதும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் அறை நேராக இருக்கிறது. பசை போடுவதற்கு முன்னால், காகித டேப்பால் மட்டும் வீட்டைக் கட்டி நிறுத்தி இதைப் பார்த்துவிடுவது நல்லது. பசை காய்ந்த பிறகு கணக்கு தெரிந்து பயனில்லை.

இரண்டாவது, கனம். வெளிநாட்டுப் பெட்டிகள் பலவும் அங்குலக் கணக்கில் வருகின்றன. 1/8 அங்குலப் பலகை என்பது 3.175 மில்லிமீட்டர். பலகை ஒன்று உடைந்துபோய், ராணிகஞ்ச் கடையில் 3 மில்லிமீட்டர் பிளைவுட் வாங்கி வெட்டிப் போட்டால், அது பள்ளத்தில் ஆடும். சின்ன வித்தியாசம்தான். ஆனால் 12ஆல் பெருக்கினால் 2 மில்லிமீட்டர். அந்த ஆட்டத்தில் சுவர் சாயும், சுவரோடு சட்டமும் போகும்.

மூன்றாவது, பெயிண்ட். மரத்தில் இரண்டு பக்கமும் இரண்டு கோட் அடித்தால் கனம் கொஞ்சம் ஏறிவிடும். பெயிண்ட் அடிப்பதற்கு முன் கச்சிதமாக நுழைந்த ஜன்னல் சட்டம் அடித்த பிறகு நுழைய மறுப்பது இதனால்தான். சுவரில் ஒட்டும் பூப்போட்ட காகிதமும் இதே வேலையைச் செய்யும். பெயிண்டுக்குப் பிறகு ஒட்டப்போகும் சட்டத்தை, பெயிண்ட் அடிக்கும்முன் வைத்துப் பார்க்கும்போதே கொஞ்சம் தளர்வாக விட்டிருக்க வேண்டும். அந்தத் தளர்வைப் பெயிண்ட் எடுத்துக்கொள்ளும்.

நான்காவது, ஹைதராபாதின் வானம். ஏப்ரல், மே மாதங்களில் இந்த ஊர்க் காற்று வறண்டு கிடக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழை ஈரத்தில் அலமாரிக் கதவுகள் இறுகுகின்றன. மரத்துக்கு ஒரு குணம் உண்டு. ஈரம் ஏறினால் ரேகைக்குக் குறுக்கே விரியும், ரேகையின் நீளவாக்கில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே ஒரு சட்டம் நீளத்தில் குறைந்துவிட்டால் பருவநிலையைக் குறை சொல்லக் கூடாது. அது அளந்த கையின் தப்பு. ஆனால் மெல்லிய பலகை வளைந்துபோனால் ஈரம் காரணமாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்த பலகை வளைவதும் இதே கதைதான். அடித்த பக்கம் ஈரத்தைத் தடுக்கிறது, அடிக்காத பக்கம் குடிக்கிறது. இரண்டு பக்கமும் அடித்துவிட்டால் வளைவு குறையும். மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகைக்குத் தண்ணீர் பட்டால் ஊதிப்போகும், பழைய நிலைக்குத் திரும்பாது.

நீளம், குட்டை, கோணல்

காரணம் தெரிந்த பிறகு வைத்தியம். நீளமான சட்டம்தான் இருப்பதிலேயே நல்ல நோயாளி. ஆனால் கத்தியை எடுக்கக் கூடாது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி வைத்துக்கொண்டு, சட்டத்தின் ஒரு முனையை மட்டும் நான்கு முறை தேய்த்து, வைத்துப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். கத்தி ஒரே வெட்டில் கூடுதலாக எடுத்துவிடும். உப்புத்தாள் கேட்டதை மட்டும் எடுக்கும். அதிலும் சட்டம் இறுக்கமாகப் போய் உட்காரும் அளவுக்கு விடக் கூடாது. கட்டைவிரலால் அழுத்தினால்தான் நுழையும் என்றால், மறுமுனையில் சுவரை அது வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

குட்டையான சட்டத்தின் முனையில் துண்டு ஒட்டுவது எல்லோரும் செய்யும் தப்பு. கண் முதலில் போவது மூலைக்குத்தான். அந்தச் சட்டத்தை அதைவிடக் குட்டையான இன்னோர் இடத்துக்கு எடுத்துவைத்துவிட்டு, இங்கே உபரிச் சட்டத்திலிருந்து புதிதாக வெட்ட வேண்டும். உபரி இல்லை என்றால் இரண்டு துண்டுகளையும் சாய்வாக வெட்டி, மூலைக்கு எட்டத்தில், கட்டிலோ அலமாரியோ மறைக்கும் இடத்தில் இணைக்கலாம். நேராக வெட்டிச் சேர்த்தால் கோடு தெரியும். சாய்வாகச் சேர்த்தால் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொள்ளும்.

ஜன்னலைச் சுற்றும் நான்கு சட்டங்களின் மூலைகள்தான் மிகப் பெரிய தலைவலி. எல்லாப் புத்தகமும் 45 டிகிரி என்கிறது. மூலை சரியாக 90 டிகிரியாக இருந்தால் அது சரி. மூலை 94 ஆக இருந்தால் ஒவ்வொரு சட்டத்துக்கும் 47 வேண்டும். 10 மில்லிமீட்டர் அகலச் சட்டத்தில் ஒவ்வொரு வெட்டிலும் 2 டிகிரி பிசகினால், வெளிமுனையிலோ உள்முனையிலோ அரை மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளக்கும். கோணம் அளக்கும் கருவி இல்லாதவர்களுக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. கெட்டி அட்டை ஒன்றை அந்த மூலையில் வைத்து, இரண்டு பக்கமும் இடைவெளி இல்லாமல் உட்காரும்வரை வெட்டிக்கொள்ள வேண்டும். பிறகு அந்த இரு விளிம்புகளும் ஒன்றன் மேல் ஒன்று விழும்படி அட்டையை மடித்தால், மடிப்புக் கோடு சொல்லும் கோணத்தில்தான் சட்டத்தை வெட்ட வேண்டும். டிகிரி எத்தனை என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

சுவரின் உள்மூலையில், தரையை ஒட்டி ஓடும் சட்டங்களுக்குச் சாய்வு வெட்டே வேண்டாம் என்பார்கள் அனுபவசாலிகள். ஒரு சட்டத்தை நேராகச் சுவர்வரை ஓடவிட்டு, இரண்டாவது சட்டத்தின் முனையை முதல் சட்டத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி குடைந்து அதன் மேல் சாய்க்கிறார்கள். நிஜ வீட்டுத் தச்சர்களின் பழைய தந்திரம் இது. மூலை எத்தனை டிகிரியாக இருந்தாலும் இது ஒத்துப்போகும்.

சுவர் நடுவில் உள்வாங்கியிருந்தால் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் பிறை வடிவில் வெளிச்சம் தெரியும். இரண்டு வழி உண்டு. மெல்லிய மரச் சட்டம் என்றால் அதன் ஒரு பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, வளைந்த நிலையில் இரவு முழுவதும் பாரம் வைத்துவிட்டால் காலையில் சுவரின் வளைவுக்கு வந்திருக்கும். எம்.டி.எஃப். சட்டத்தில் இந்த வைத்தியம் செய்தால் நோயாளி இறந்துவிடுவார். கனமான சட்டம் என்றால், அதைச் சுவரோடு வைத்துப் பென்சிலைச் சுவரை ஒட்டியே நடத்திக்கொண்டு போனால், சுவரின் வளைவு சட்டத்தின் மேல் கோடாக விழும். அந்தக் கோடுவரை தேய்த்துவிட்டால் சட்டம் சுவரின் மேல் படிந்துவிடும். சுவரைப் பார்த்துச் சட்டத்தை வெட்டும் இந்த முறை, சாந்தின் மேல் தகட்டை இழுத்த கொத்தனாரின் முறைக்குத் தூரத்துச் சொந்தம்.

ஜன்னல் சட்டம் சுவரோடு சமமாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பதுண்டு. உள்ளே இருக்கும் நிலை சுவரைவிட மேடாக இருந்தால் நிலையைத் தேய்க்க வேண்டும். பள்ளமாக இருந்தால் பழைய விசிட்டிங் கார்டைக் கீற்றாக வெட்டி அடியில் கொடுத்தால் போதும். நிஜாமிடம் நிலம் வாங்கித் தந்த சமாசாரம், கால் மில்லிமீட்டரையும் சமாளிக்கும்.

பொம்மைக்காரரின் மக்கு

இத்தனைக்குப் பிறகும் ஒரு மயிரிழை இடைவெளி மிஞ்சத்தான் செய்யும். அதற்கு ஹைதராபாத் கடைகளில் விற்கும் பொம்மைகளிடமே விடை இருக்கிறது. விஜயவாடாவுக்கு அருகிலுள்ள கொண்டபல்லியிலும், ஹைதராபாதுக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கும் நிர்மலிலும், தெல்ல பொனிகி என்ற லேசான வெள்ளை மரத்தில் பொம்மை செய்கிறார்கள். கொண்டபல்லிப் பொம்மை ஒரே கட்டையில் குடைந்ததில்லை. கை, கால், தலைப்பாகை, மாட்டின் கொம்பு எல்லாம் தனித்தனியாகச் செதுக்கி ஒட்டியவை. ஒட்டும் பொருள் மக்கு. புளியங்கொட்டை மாவும் மரத்தூளும் சேர்த்துக் குழைத்தது. அதுவே பசை, அதுவே இடைவெளியை நிரப்பும் பூச்சு. பிறகு வெள்ளைப் பூச்சு, அதன் மேல் வண்ணம். ஏர் உழும் பொம்மையில் கை எங்கே ஒட்டப்பட்டது என்று தேடினால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

மக்கின் ரகசியம், அது பாதி மரம் என்பதுதான். மரம் விரிந்து சுருங்கும்போது முரண்டு பிடிக்காமல் கூடவே போகிறது. பொம்மை வீட்டுக்காரர் செய்ய வேண்டியதும் இதேதான். அதே சட்டத்தைத் தேய்த்தபோது விழுந்த தூளை எடுத்து வைத்து, ஃபெவிகாலில் குழைத்து, தீக்குச்சி முனையால் பிளவில் அழுத்தி, காய்ந்ததும் உப்புத்தாளால் ஒரு தடவு தடவினால் போதும். மேலே பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் கோடு மறைந்துவிடும். மரத்தின் நிறத்தையே காட்டி பாலிஷ் போடுவதாக இருந்தால் எச்சரிக்கை தேவை. பசை பட்ட இடம் பாலிஷைக் குடிக்காது, வெள்ளைத் திட்டாக நிற்கும். அப்படிப்பட்ட வீட்டில் சட்டங்களுக்கு முதலில் பாலிஷ், பிறகு பசை.

மக்குக்கும் எல்லை உண்டு. மயிரிழைக்கு மக்கு சரி. 1 மில்லிமீட்டருக்கு மேல் போனால் மறுபடி வெட்டுவதுதான் மரியாதை. பெரிய பிளவில் அடைத்த மக்கு காய்ந்து சுருங்கி, அடுத்த கோடையில் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும்.

கெட்டியான பொருளால் அடைத்தால் பிரச்னை தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்குப் பழைய கட்டடங்கள் நல்ல பாடம். சுண்ணாம்புச் சுவரில் விரிசல் கண்ட இடமெல்லாம் சிமென்ட் அப்புவது நாடு முழுவதும் நடந்திருக்கிறது. சிமென்ட் சுண்ணாம்பைவிடக் கெட்டி. ஈரத்தை வெளியே விடாது. அதனால் சிமென்ட் பூச்சு அப்படியே நிற்க, அதைச் சுற்றியிருக்கும் பழைய சுவர் உதிர்கிறது. பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் நிபுணர்கள் சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பையே கேட்பது இதனால்தான். கோட்டி ரெசிடென்சி, ஆபத்தில் இருக்கும் நினைவுச் சின்னங்களின் பட்டியலில் 2002இல் இடம்பெற்றது. வெளியிட்டது உலக நினைவுச் சின்ன நிதியம். நீண்டகாலச் சீரமைப்பு முடிந்து மாளிகை பொலிவோடு மக்கள் பார்வைக்கு வந்தது 2023இல். ஆறே மாதத்தில் கட்டிய மாளிகையல்ல, ஆறே மாதத்தில் சரியாவதற்கு.

யாருடைய கண்?

இவ்வளவு சிரமப்பட வேண்டுமா, விளையாடப் போவது குழந்தைதானே என்று கேட்கலாம். குழந்தைதான் எல்லோரையும்விடக் கிட்டத்தில் பார்க்கிறது. பெரியவர்கள் நின்றபடி மேலிருந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். குழந்தை தரையில் படுத்து, கன்னத்தைப் பாயில் வைத்து, வாசல் வழியாக உள்ளே பார்க்கிறது. அந்தக் கோணத்தில் சுவரோரச் சட்டத்தின் பிளவு ஒரு பள்ளத்தாக்கு மாதிரி தெரியும்.

செகந்திராபாதின் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வேலையின் காலக்கெடுவைச் சொல்லத் தேவையில்லை. நவராத்திரிக் கொலுவில் பொம்மை வீட்டுக்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டால், செட்டியாரும் கல்யாண ஜோடியும் கிளம்பி வருவதற்குள் வீடு முடிந்தாக வேண்டும். ஆனால் மழைக்காலத்தில், மரம் ஈரத்தில் ஊதியிருக்கும்போது அவசரமாகச் சட்டம் வெட்டினால், கொலு முடிந்து பனிக்காலம் வந்ததும் மூலைகள் மெல்லத் திறந்துகொள்ளும். மழைக்காலத்தில் சுவரை ஒட்டி, மரத்தை வீட்டுக்குள்ளேயே இரண்டு வாரம் காற்றாட வைத்து, வெயில் தலைகாட்டிய பிறகு சட்டங்களை வெட்டுவது நல்லது. வரிசையும் முக்கியம். முதலில் ஜன்னல், கதவு. பிறகு கூரையோரம். தரை போட்ட பிறகே தரையோரச் சட்டம். வெளிக்கூரையின் அலங்காரப் பட்டை எல்லாவற்றுக்கும் கடைசி, ஏனென்றால் கை தவறி முதலில் உடைவது அதுதான்.

உலகத்தின் மிகப் புகழ்பெற்ற பொம்மை வீட்டுக்கும் ஹைதராபாதுக்கும் ஒரு சுற்றுவழி உறவு உண்டு. எட்வின் லுட்யன்ஸ் 1924இல் பிரிட்டிஷ் ராணி மேரிக்காக முடித்த பொம்மை வீடு, அதே 12இல் ஒரு பங்கு அளவில், ஓடும் தண்ணீரும் மின்சார விளக்கும் லிஃப்டும் வைத்துக் கட்டப்பட்டது. இன்றும் வின்ட்ஸர் கோட்டையில் இருக்கிறது. அதை முடித்த சில ஆண்டுகளிலேயே அவர் டெல்லியில் நிஜாமுக்கு ஒரு மாளிகை கட்டினார். அதுதான் ஹைதராபாத் ஹவுஸ். ஒரே கை, பெரிய வீட்டையும் சின்ன வீட்டையும் ஒரே அக்கறையோடு செய்திருக்கிறது.

ஆனால் பொம்மை வீட்டுக்காரர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ராணி மேரியின் வீட்டைவிட, கோட்டித் தோட்டத்தின் சுதை மாளிகையைத்தான். ராணிக்கு நிஜ அரண்மனைகள் இருந்தன. சின்ன வீடு ஒரு வேடிக்கை. கதை உண்மையானால், கைருன்னிஸாவுக்குப் பொம்மைதான் மாளிகை. நிஜ மாளிகையின் முகப்பை அவர் பார்க்கப்போவதில்லை. தோட்டத்து உருவத்தில் தூண் கோணினால் அவர் மனதில் இருக்கும் மாளிகையிலும் தூண் கோணும். 1805இல் கல்கத்தாவில் கிர்க்பாட்ரிக் இறந்தார். மாளிகை முழுவதும் முடிவதற்கு முன்பே அவர் போய்விட்டார். 1813இல் கைருன்னிஸாவும் இறந்தார்.

அலமாரியின் மேல் தூசி படிந்திருக்கும் வீட்டை இறக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஒரு கண்ணாடித் துண்டு, ஓர் உப்புத்தாள், ஒரு பழைய விசிட்டிங் கார்டு, ஒரு கரண்டி மரத்தூள். முதல் மூலையை அளந்து, அட்டையை மடித்து, மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினால், பக்கத்தில் ஒருத்தி வந்து உட்காருவாள். கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தாலும், பார்ப்பதை அவள் நிறுத்தியிருக்க மாட்டாள்.